இசைக்கு மொழி உண்டு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

‘இசைக்கு மொழி இல்லை.’

இந்தத் தொடரை மேடையில் முழங்கி நான் பரிசே வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு வெளியூரில் நடந்த பேச்சுப் போட்டி ஒன்றில் எனக்குச் சீட்டில் வந்த தலைப்பு அது. பசு இசை கேட்டுப் பால் சுரக்கும் என்றேன். பாம்பு மகுடிக்கு மயங்கும் என்றேன். (பாம்புக்கு வெளிச்செவி கிடையாது, மகுடியின் அசைவைப் பார்த்தே அது ஆடுகிறது என்று விலங்கியல் தோழி ஒருத்தி பிறகு சொல்லித் தலையில் குட்டினாள்.) தாலாட்டின் பொருள் தெரிந்தா குழந்தை உறங்குகிறது என்று கேட்டேன். கைத்தட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. மூன்றாம் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

அந்த டம்ளரில்தான் எங்கள் அப்பத்தா இப்போது காப்பி குடிக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால், அன்று நான் பேசியது தவறு என்று இன்று எண்ணுகிறேன். என்னைப் போன்ற மாணவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடிய தவறு என்றும் எண்ணுகிறேன். அதைச் சொல்லவே ஆண்டு மலரில் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

என் மனம் மாறியதற்குக் காரணம் ஒரு பிரெஞ்சு இசைத்தட்டு.

“ரெட்டியார்சத்திரம் பக்கத்துச் சிற்றூரில் பிரெஞ்சு இசைத்தட்டா?” என்று சிரிக்கின்றீர்களா? சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன்.

எங்கள் தாத்தா ரேடியோ செட்டு வைத்திருந்தவர். இன்று சவுண்டு சர்வீஸ் என்கிறோமே, அதற்கு அந்நாளில் அதுதான் பெயர். இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஓர் ஆம்ப்ளிஃபையர், பாட்டரி, தட்டுச் சுழற்றும் பெட்டி, பெரிய துணிப்பை நிறைய இசைத்தட்டுகள். இவ்வளவே அவர் சொத்து. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், மாரியம்மன் திருவிழா எதுவானாலும் புளியமரக் கிளையில் குழாயைக் கட்டிவிட்டால் நாலு ஊருக்குச் செய்தி போய்விடும். தை மாதம் வந்தால் பழனிப் பாதயாத்திரை. திண்டுக்கல்லிலிருந்து பழனிச் சாலையில் சாரிசாரியாகச் செல்லும் பக்தர்களுக்காகப் போட்ட பந்தல்களில் கே. பி. சுந்தராம்பாளின் குரல் ஒலித்துக்கொண்டே இருக்குமாம். “அந்தக் குரலைக் கேட்டா நொண்டி வர்றவனும் நிமிந்து நடப்பான்” என்பார் அப்பத்தா.

பழைய தட்டு நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஆகவே பக்கத்திலேயே ஒருவர் நின்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாத்தா கம்பம் ஏறியிருக்கும் நேரத்தில் தட்டு மாற்றியவர் அப்பத்தாதான். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால், எந்தத் தட்டில் எந்தப் பாட்டு என்பதை விளிம்பில் உள்ள உடைசலையும் நடுக்காகிதத்தின் நிறத்தையும் வைத்துச் சொல்லிவிடுவார். இன்றும் சொல்வார். என் அப்பா எட்டாம் வகுப்போடு நின்று அதே தொழிலுக்கு வந்தார். இன்று பெட்டி ஒலிபெருக்கியும் பென்டிரைவுமாய்த் தொழில் மாறிவிட்டது. தட்டுகள் பரணில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

சென்ற கோடை விடுமுறையில் கொடைக்கானலில் பழைய வீடொன்றைக் காலி செய்தவர்கள், “பாட்டுப் பெட்டி ஒன்று கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போங்கள்” என்று அப்பாவிடம் கொடுத்தார்கள். பெட்டியோடு சில நெடுந்தட்டுகளும் வந்தன. அவற்றில் ஒன்றுதான் இது. அருகிலுள்ள சண்பகனூரில் 1895-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு ஏசு சபைத் துறவிகள் கல்லூரி நிறுவிய மலையாயிற்றே அது! பிரெஞ்சுத் தட்டு ஒன்று அங்கே ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. உறையில் கறுப்பு எழுத்தில் எடித் பியாஃப் என்றும், ஒலிம்பியா 1961 என்றும் இருந்தது. பெட்டியின் பட்டை அற்றுப்போயிருந்தது. அப்பா சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டினார். ஊசிக்காக மதுரைக்கு ஒரு நடை போய் வந்தார். பழைய தட்டின் இரும்பு ஊசியை நெடுந்தட்டில் வைத்தால் ஏர் உழுத கதையாகிவிடும். இதை எனக்குச் சொன்னது புத்தகமன்று, அப்பாதான்.

இயற்பியல் மாணவி ஆயிற்றே, ஒரு கணக்குப் போடாமல் விடலாமா? நெடுந்தட்டு நிமிடத்திற்கு 33⅓ சுற்று. சுற்றும் வேகம் மாறாது. ஆனால், ஊசி வெளி விளிம்பில் இருக்கும்போது அதன் கீழ் வினாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒரு வினாடிக் குரலைக் குறுகிய இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் தட்டின் கடைசிப் பாட்டுக்குச் சற்றுத் தெளிவு குறைவு. இந்தக் கணக்கை நான் சொந்தமாகப் போட்டு முடித்த அன்று, முதலாண்டு முழுதும் பெறாத ஒரு மகிழ்ச்சியைப் பெற்றேன். முதலாண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாடியவரைப் பற்றிச் சுருக்கமாக. எடித் பியாஃப் 1915-இல் பாரிசில் பிறந்தவர். தந்தை தெருவில் கழைக்கூத்து ஆடியவர். மகள் அவரோடு தெருத்தெருவாகச் சென்று பாடிக் காசு பெற்றாள். 1935-இல் லூயி லெப்லே என்ற விடுதி உரிமையாளர் தெருவில் அவர் பாடக் கேட்டு அழைத்துப் போய் மேடையேற்றினார். ‘பியாஃப்’ என்றால் பாரிஸ் கொச்சையில் சிட்டுக்குருவி. அவ்வளவு சிறிய உருவம்! வாழ்நாள் முழுதும் மேடையில் கறுப்பு உடைதான். அவர் நேசித்த குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் 1949 அக்டோபரில் விமான விபத்தில் மாண்டார். பிறகு நோய், விபத்து, அறுவைச் சிகிச்சை என்று உடல் உருக்குலைந்தது. 1960 இறுதியில் பாரிசின் ஒலிம்பியா அரங்கம் கடனில் மூழ்கும் நிலையில் இருந்தது. அதன் உரிமையாளர் புரூனோ கொக்காத்ரிக்ஸ் இவரிடம் வந்து கேட்டுக்கொண்டார். நிற்கவே முடியாத நிலையில் இருந்த அந்த அம்மையார் மேடையேறி வாரக்கணக்கில் பாடினார். அரங்கம் பிழைத்தது. அவர் 1963-இல் 47 வயதில் மறைந்தார். அந்தக் கச்சேரிதான் நம் வீட்டுப் பெட்டியில் சுழன்ற தட்டு. கூட்டத்தின் ஆரவாரமும் அதில் பதிவாகியிருக்கிறது.

இதையெல்லாம் நான் பிறகே படித்தேன். முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் அப்பத்தாவும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. “ஆகா, பார்! மொழி தெரியாமலே உருகுகிறேன். என் பேச்சுப் போட்டிக் கருத்து மெய்யாயிற்று” என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்பத்தா உருகவில்லை. “என்னத்தா சொல்றா அவ?” என்றார்.

“தெரியாது அப்பத்தா. பாட்டு நல்லாருக்குல்ல? கேளுங்க.”

“நல்லாத்தான் இருக்கு. என்ன சொல்றா?”

இப்படியே பாட்டுக்குப் பாட்டு அதே கேள்வி. எனக்கு எரிச்சல் வந்தது. இசையை இசையாகக் கேட்கத் தெரியவில்லையே என்று எண்ணிக்கொண்டேன். பிறகு ஒரு விளையாட்டாக, “நீங்களே சொல்லுங்க, என்ன சொல்றா?” என்றேன். அப்பத்தா சளைக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பொருள் சொன்னார். அதன்பின் நான் கைப்பேசியில் பாட்டின் சொற்களைத் தேடி, மொழிபெயர்ப்பைத் திருத்தித் திருத்தி, ஆங்கிலத்தோடு ஒட்டிப் பார்த்து, உண்மைப் பொருளைக் கண்டுபிடித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே தோழர்கள் முன் வைக்கிறேன்.

‘மோன் தியூ’ என்றொரு பாட்டு. மிக மெதுவாகத் தொடங்கி மேலே மேலே ஏறும். ‘என் கடவுளே’ என்பது தலைப்பின் பொருள். அதை மட்டும் முதலில் சொன்னேன். அப்பத்தா கைகூப்பிவிட்டார். “சாமி பாட்டா! அதான் இப்பிடி மனசைப் பிசையுது” என்றார். எனக்கும் அப்படியே பட்டது. ஆனால், சொற்களைப் பார்த்தால் அது பக்திப் பாட்டே அன்று. தன் காதலனை இன்னும் சில காலம் தன்னிடமே விட்டுவைக்கும்படி ஒருத்தி கடவுளிடம் கேட்கிறாள். முதலில் நாள் கணக்கில் கேட்கிறாள், பிறகு மாதக் கணக்கில் கேட்கிறாள். சந்தையில் பேரம் பேசுவது போலவே பேசுகிறாள். இதைச் சொன்னதும் அப்பத்தா கூப்பிய கையை இறக்கினார். “அட, சாவித்திரி கதைத்தா இது. எமன்ட்ட பேசுறா” என்றார். சிறிது நேரம் கழித்து, “திரும்பப் போடு” என்றார். இரண்டாம் முறை அவர் கேட்டவிதமே வேறு. ஒவ்வொரு முறை குரல் ஏறும்போதும், “கேக்குறா... இன்னொண்ணு கேக்குறா...” என்று தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்தது ‘லே புளூஸ் பிளான்ஷ்’, அதாவது ‘வெள்ளை அங்கிகள்’. இதில் குரல் ஒரு கட்டத்தில் சிதறிப்போகிறது. பாடுகிறாரா, அழுகிறாரா, கூவுகிறாரா என்று தெரியாது. “இவளுக்குச் சாமி வந்திருச்சு” என்றார் அப்பத்தா. உண்மையில் அது மனநோய் மருத்துவமனையில் அடைபட்ட ஒருத்தியின் பாட்டு. சுற்றிலும் வெள்ளை அங்கி போட்டவர்கள். தனக்கும் ஒரு காலத்தில் வெள்ளை உடை ஒன்று இருந்தது அவளுக்கு நினைவு வருகிறது. தான் பைத்தியம் இல்லை என்கிறாள். இந்தப் பாட்டில் அப்பத்தா பாதி சரியாகச் சொல்லிவிட்டார் என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி ஒன்றிரண்டு இடங்களில் குரல் மட்டுமே பொருளைக் கொண்டு வந்து சேர்த்துவிடுகிறது. அதை வைத்துத்தான் ‘இசைக்கு மொழி இல்லை’ என்ற வாதமே நிற்கிறது போலும்!

மூன்றாவது, இந்தத் தட்டிலேயே புகழ்பெற்ற ‘நோன், ஜெ ந ரெக்ரெத் ரியேன்’. இசை சார்ல் துய்மோன், சொல் மிஷெல் வொக்கேர். அந்த இருவரும் 1960 அக்டோபரில் பியாஃபின் வீட்டுக்குச் சென்று வாசித்துக் காட்டிய பாட்டு இது. அதுவரை துய்மோனைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த பியாஃப் அன்று இதைப் பிடித்துக்கொண்டாராம். படைநடை போலக் குரல் அடியெடுத்து வைக்கும். அப்பத்தா கேட்டுவிட்டு, “யாரையோ வையிறா. பங்கு பிரிச்சதுல ஏமாத்திட்டானுக போல” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

‘இல்லை, எதற்கும் நான் வருந்தவில்லை’ என்பது பொருள் என்று அடுத்த ஞாயிறு அவரிடம் சொன்னேன். பட்டதெல்லாம் போகட்டும், கணக்கு முடிந்தது, புதிதாகத் தொடங்குகிறேன் என்கிறாள் என்று விளக்கினேன். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. தட்டைத் திரும்பப் போடச் சொன்னார். முடிந்ததும் சொன்னார்:

“பொய் சொல்றாத்தா. வருத்தம் இல்லாதவ இம்புட்டுச் சத்தம் போடுவாளா?”

தோழர்களே, இந்த இடத்தில்தான் என் டம்ளர் பரிசு செல்லாக்காசாயிற்று. சொல் ஒன்று கூறுகிறது, குரல் வேறொன்று கூறுகிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள அந்த இடைவெளியில்தான் பாட்டு இருக்கிறது. சொல் தெரியாதவர்க்கு இடைவெளி எங்கிருந்து தெரியும்? முதல் நாள் நான் உருகினேன் என்றேனே, அது எதற்கு உருகியது? அயல்நாட்டுத் தட்டு என்பதற்கா? நான் உருகுகிறேன் என்பதற்கா? எழுத்தறியாத என் அப்பத்தா பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரே வாக்கியத்தில் அந்தப் பாட்டை ஆய்ந்து முடித்தார். பேச்சுப் போட்டிக்காரி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு ஏதும் வருத்தம் உண்டா அப்பத்தா?” என்று கேட்டேன். “ஒண்ணு இருக்கு” என்றார். என்ன என்று கேட்டதற்கு, காப்பி ஆறிப்போச்சு என்று எழுந்து போய்விட்டார்.

பாட்டின் சொல்லுக்கு எத்துணை ஆற்றல் என்பதற்கு இதே பாட்டின் பிற்கால வரலாறும் சான்று. 1961 ஏப்ரலில் அல்ஜீரியாவில் நடந்த படைக் கலகம் தோற்றது. அதில் கலந்துகொண்ட பிரெஞ்சு அயல்நாட்டவர் படைப்பிரிவு ஒன்று கலைக்கப்பட்டது. முகாமைவிட்டு வெளியேறிய வீரர்கள் இந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு போனார்கள். காதலில் தோற்ற ஒருத்தியின் சொல்லை, கலகத்தில் தோற்றவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. ஆனால், வெறும் மெட்டாக இருந்திருந்தால் அவர்களுக்கு அது பயன்பட்டிருக்குமா?

இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1941-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கேட்பவர்க்குப் புரியும் மொழியில் மேடையில் பாடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அதற்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? இசைக்கு மொழி ஏது என்பதே! அன்று கல்கியும் ரசிகமணி டி. கே. சி.யும் தமிழிசையின் பக்கம் நின்று எழுதினார்கள், பேசினார்கள். நான் மேடையில் முழங்கிய தொடர் யாருக்காகப் பயன்பட்ட தொடர் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. தெலுங்குக் கீர்த்தனையைக் கேட்காதே என்று நான் சொல்ல வரவில்லை. பிரெஞ்சுப் பாட்டையே கேட்டவள் அப்படிச் சொல்வேனா? கேள், ஆனால் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கேள் என்கிறேன்.

பியாஃபின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுந்தராம்பாள் நினைவே வந்தது. திண்டுக்கல்லில் ரயிலேறிக் கரூரைத் தாண்டினால் காவிரிக் கரையில் கொடுமுடி. 1908-இல் அங்கே பிறந்த ஏழைச் சிறுமி, ரயிலில் பாடிக் காசு வாங்கியவள் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். தெருவில் பாடிய சிட்டுக்குருவியும் ரயிலில் பாடிய குயிலும்! எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளவயதிலேயே மறைந்தபின் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவையோடு வாழ்ந்தார். அங்கே கறுப்பு, இங்கே வெள்ளை. ஆண் நடிகரோடு இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்ட அவர், 1935-இல் வெளிவந்த படத்தில் நந்தனாராகவே வேடமிட்டார். அதற்கு ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1953-இல் ஔவையார். 1965-இல் திருவிளையாடலிலும் 1967-இல் கந்தன் கருணையிலும் மறுபடி அதே ஔவையார்.

ஆனால், நான் ஒப்பிட விரும்புவது அவர்கள் பட்ட துன்பத்தை அன்று. துன்பம் எங்கும் உண்டு. இருவரும் சொல்லை வைத்துப் பாடியவர்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒலிபெருக்கி பரவலாகாத காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய தொண்டை சுந்தராம்பாளுடையது. வல்லினம் வல்லினமாக இருக்கும், ழகரம் ழகரமாக இருக்கும். தாத்தாவின் குழாய் ஒலிபெருக்கி மெல்லிய நாதத்தையெல்லாம் விழுங்கிவிடும் கருவி. இன்று அதை அளந்து பார்த்தால் தாழ்ந்த அதிர்வெண்கள் அதில் பெரும்பாலும் வராது என்று தெரியும். அந்தத் தகரக் குழாயிலும் சுந்தராம்பாளின் சொல் மட்டும் முழுதாக வந்து விழும். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தாவுக்கு ஔவையார் யார், என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்தக் குழாய் வழியாகக் கிடைத்ததுதான். பள்ளிக்கூடம் கொடுக்காததைப் பாட்டுத்தட்டு கொடுத்தது. மொழி இல்லாத இசை இதைச் செய்திருக்குமா?

இனி முதலாண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புவரை நான் தமிழில் படித்தவள். இங்கே வந்து ஆங்கில வழியில் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பில் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. பேராசிரியர் ஏற்ற இறக்கத்தோடு அழகாகத்தான் பேசினார். எங்கே அழுத்துகிறார், எங்கே சிரிக்க வேண்டும், எங்கே குறிப்பெடுக்க வேண்டும் என்பது தாளத்தாலேயே தெரிந்துவிடும். முன்வரிசைப் பெண்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். “புரிந்ததா?” என்றால் எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டுவேன். பல வாரங்கள் ‘இனெர்ஷியா, இனெர்ஷியா’ என்று கேட்டேன், எழுதினேன், மனப்பாடம் செய்தேன். அது நான் பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கிய ‘நிலைமம்’தான் என்பது எனக்குத் தெரியாது. பேருந்து திடீரென நின்றால் முன்னே சாய்கிறோமே, அதே நிலைமம்! ‘மொமெண்டம்’ என் உந்தம் என்பதும், ‘டிரான்ஸ்வர்ஸ்’ என் குறுக்கலை என்பதும் பருவத் தேர்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. தேர்வில் ஒரு தாள் நிலுவை விழுந்தது. வீட்டில் சொல்லவில்லை.

கை தூக்கி, “ஐயா, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் கிராமத்துப் பள்ளி என்று தெரிந்துவிடுமே! எனக்கு இருபது வயது. அந்த வெட்கத்திலேயே ஓர் ஆண்டைக் கழித்தேன். எழுபதைத் தாண்டிய அப்பத்தாவோ, தனக்குத் துளியும் தெரியாத மொழியில் ஒருத்தி பாடுவதைக் கேட்டு, முதல் பாட்டிலேயே, “என்னத்தா சொல்றா அவ?” என்று கேட்டுவிட்டார். எனக்கு எரிச்சல் வந்ததே, அது ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறது.

குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத் தலையாட்டுவதற்குப் பெயர் புரிதல் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். ‘இசைக்கு மொழி இல்லை’ என்ற தொடர் அதற்கு நல்ல போர்வை. பாட்டில் அதனால் பெரிய நட்டமில்லை, பாதி இன்பம் போகும், அவ்வளவுதான். பாடத்தில் வாழ்க்கையே போகும். நம் கல்லூரியில் என்னைப் போல் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று வகுப்பில் கை தூக்கச் சொன்னால் எத்தனை கைகள் உயரும்!

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். மாணவர் மன்றத்தாருக்கு ஒன்று. ஆண்டு விழாவில் மலையாளப் பாட்டும் இந்திப் பாட்டும் கொரியப் பாட்டும் இடம்பெறட்டும், வேண்டாம் என்பாரில்லை. ஆனால், பாடுமுன் அல்லது ஆடுமுன் ஒருவர் வந்து, இந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பாட்டை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளலாம். கொரியப் பாட்டைக் கேலி செய்கிறவர்கள் நிறையப் பேர். என் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தப் பாட்டுகளின் பொருள் தெரிய வேண்டும் என்பதற்காகவே கொரிய எழுத்துகளைத் தானாகக் கற்றுக்கொண்டாள். அவளை நான் மதிக்கிறேன். கண்ணை மூடி உருகியவளைவிட அவள் நல்ல ரசிகை.

ஆசிரியர்களுக்கு மற்றொன்று. முதல் பருவத்தில், ஒவ்வொரு கலைச்சொல்லும் முதன்முறை வரும்போது அதன் தமிழையும் ஒரே ஒரு முறை கரும்பலகையில் எழுதுங்கள். பாடத்தைத் தமிழில் நடத்தச் சொல்லவில்லை. ஒரு சொல், ஒரு முறை. நாலு வினாடிதான் ஆகும்.

“அப்படியானால் வெறும் வீணையும் நாகசுரமும் இசையில்லையா? அதற்கு என்ன பொருள் கேட்பாய்?” என்று தமிழ்த்துறையில் ஓர் ஆசிரியர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. வாத்தியத்துக்குச் சொல் இல்லை, ஆகவே மறைப்பதற்கும் இல்லை. நான் பேசுவது பாட்டைப் பற்றி. ஒருவர் வாய் திறந்து நம்மிடம் ஒன்றைச் சொல்கிறார். அவர் சொல்வதைக் காதில் வாங்காமல், குரல் இனிது, குரல் இனிது என்று சொல்லிக்கொண்டிருப்பது அவரை மதித்ததாகுமா? “சரி, உன் பிரெஞ்சுக்காரி சொன்னது முழுதும் உனக்குப் புரிந்துவிட்டதா?” என்று மடக்கினார். இல்லை ஐயா. கைப்பேசி மொழிபெயர்ப்பு பல இடங்களில் காலை வாரிவிட்டது. இரண்டு பாட்டு இன்னும் பாக்கி.

இந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள் வகுப்பில் கை தூக்கினேன். காது இரண்டும் சுட்டன. “ஐயா, டேம்பிங் என்றால் தமிழில் என்ன?” பேராசிரியர் ஒரு கணம் நின்றார். “தடையுறுதல்... ஊஞ்சல் மெல்ல மெல்ல அடங்குகிறதே, அது” என்றார். பின்வரிசையிலிருந்து, “ஓ... அதுவா!” என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. யார் யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலுவைத் தாளைப் பிறகு எழுதித் தேறிவிட்டேன். வீட்டில் அப்போதுதான் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தா, “முன்னாலயே கேக்குறதுக்கென்ன?” என்றார். வாத்தியாரைச் சொன்னாரா, தம்மைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பழைய துணிப்பையை இறக்கச் சொன்னார். தட்டுகளைத் தடவித் தடவி ஒன்றை எடுத்தார். விளிம்பில் நெல்லளவு உடைசல், நடுவில் மங்கிய காகிதம். சுந்தராம்பாள் தட்டு. போடத்தான் கேட்கிறார் என்று பெட்டியைத் திறந்தேன். “பாட்டு இருக்கட்டும்” என்றார். தட்டை மடியில் வைத்து, நடுக்காகிதத்தில் இருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

“இதுல எதுத்தா அவ பேரு?”